கால் அங்குல உளி

அன்று காலை அவர் அகல உளியிலிருந்து தொடங்கினார். ஒன்றரை அங்குலம், ஒன்றேகால், ஒன்று என்று வரிசையாகக் கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டுவார். கூர் ஏறிவிட்டதா என்று பார்க்க இடது முன்கையில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். ரோமம் சத்தமில்லாமல் வந்துவிட்டால் அந்த உளி தேறிவிட்டது என்று அர்த்தம். இருபத்தெட்டு வருடமாக இப்படி இழுத்து இழுத்து அந்த ஒரு கை மட்டும் குழந்தைக் கை மாதிரி மழமழவென்று இருக்கும்.

எதிர் மேசையில் அவர் மனைவி. கை வேலையில் இருந்ததே தவிர, கண் அவர் மேசையில்தான் இருந்தது. முக்கால் அங்குலம் முடிந்தது. அரை அங்குலமும் முடிந்தது. அடுத்து ஒன்று, அதற்கடுத்தது கால் அங்குல உளி.

முந்தின நாள் சாயங்காலம் எண்ணெய் டப்பாவின் மூடி இறுகிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. ஸ்குருடிரைவரைத் தேட சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய அந்தக் கால் அங்குல உளியை விட்டு நெம்பினாள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சத்தம் போட்டது மூடியா உளியா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. விளக்குப் போடாத நேரம் வேறு. துணியில் துடைத்து, இருந்த இடத்திலேயே செருகிவிட்டாள்.

அந்தப் பட்டறையில் உளியால் டப்பா திறப்பது கொலைக்கு ஒரு படி கீழே உள்ள குற்றம். எப்போதோ ஒருமுறை அவருடைய தம்பி செய்துவிட்டு, இரண்டு நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை.

"என்ன இங்கேயே பாத்துக்கிட்டிருக்கே? என் மூஞ்சியில கோடு போடப் போறியா?" என்றார் அவர், தலை நிமிராமல்.

"அதுல இனிமே போட இடமில்லைங்க. இருக்கறதே நெருக்கமாத்தான் இருக்கு."

அவர் சிரித்தார். அடுத்த உளியைத் தீட்டி முடித்து, உப்புத்தாளுக்காக இழுப்பறையைத் துழாவினார். வழுவழுப்பான தாள் தீர்ந்திருந்தது. அவள் வேலையை நிறுத்தினாள். இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் காலை வேளையே கெட்டுப்போகும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"முக்குக் கடையில போய்த் தாள் வாங்கிட்டு வந்துடறேன்" என்று இடது தோளைச் சுழற்றிக்கொண்டே எழுந்தார்.

அவர் வாசலைத் தாண்டியதும் அவள் 'அப்பாடா' என்று மூச்சு விட்டாள். அந்த 'அப்பாடா'வை அதற்குப் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. உளிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க எழுந்து அவர் மேசைக்குப் பாதி தூரம் போவதற்குள் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். கடைப் படியிலேயே உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு, உயிர் முன்பே போய்விட்டது என்றார்கள்.

அது துப்பாக்கிக்கு மரக்கட்டை செய்கிற பட்டறை. போட்டிகளில் சுடுகிறவர்கள் தங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் விரலுக்கும் அளவு கொடுத்துச் செய்துகொள்வார்கள். வால்நட் மரத்தைக் குடைந்து கட்டையாக்குவது அவர். குழலையும் விசையையும் சரிசெய்வது அவர் தம்பி. கைப்பிடி வழுக்காமலிருக்க அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக் கோடுகள் கீறுவது அவள். வாடிக்கைக்காரர்கள் மூன்று பேருக்கும் பெயர் வைத்திருந்தார்கள்: மரம், இரும்பு, கோடு. 'மரம் இருக்காரா?' என்று போனில் கேட்பார்கள். 'மரம் எங்கேயும் போகாதுங்க, இங்கேதான் இருக்கு' என்று இரும்பு பதில் சொல்வான்.

பதினாறு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரும்பு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் தழும்பு.

"அண்ணி, இவர் கட்டில் செய்யறவர். அண்ணன் இடத்துக்குன்னு நெனைக்காதீங்க. வந்த வேலை நிக்கக்கூடாதே. அண்ணன் உளியெல்லாம் எடுத்து, இந்த வேலைக்கு எது எது வேணும்னு நீங்கதான் இவருக்குப் பொறுக்கிக் குடுக்கணும்."

அவள் துணிச் சுருளை மேசையில் பிரித்தாள். நாற்பத்து மூன்று உளிகள். இத்தனை நாளும் அதைத் தொடாமலே இருந்தாள். எழுந்திருக்கவே நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டில்காரர் கண் விரிந்தது. "ஏன்க்கா, ஒரு துப்பாக்கிக்கு இத்தனையா? நான் நாலு உளியில ஒரு கல்யாணக் கட்டிலே முடிச்சிடுவேன். அதுல ஏறி யானை படுத்தாலும் தாங்கும்."

"இதுல யாரும் படுக்கப் போறதில்லைங்க."

அவர் நேராகப் போய்ப் பெரிய உளி ஒன்றை எடுத்தார். வாய் அகலமாக வளைந்து, பார்க்க எடுப்பாக இருந்தது. அவள் அதை வாங்கிச் சுருளின் ஓரத்தில் தள்ளி வைத்தாள்.

"அது பூ செதுக்கறதுக்கு. எப்பவோ ஆசைக்கு வாங்கினார், இங்க அதுக்கு வேலையில்ல. இதப் பாருங்க." வாய் குறுகலாக வளைந்த இன்னொன்றை எடுத்தாள். அருகில் கிடந்த குழல் ஒன்றின்மேல் அதன் வாயைக் கவிழ்த்தாள். சட்டை போட்ட மாதிரி பொருந்தி உட்கார்ந்தது. "குழல் உக்கார்ற வாய்க்காலுக்கு அந்தக் குழலோட வளைவுலயே உளி வேணும். கொஞ்சம் பெருசா இருந்தா பக்கம் தின்னுடும், சின்னதா இருந்தா அடியில மேடு பள்ளம் விழும். கழுத்து வளைஞ்ச இந்த மூணும் பள்ளத்தோட அடியச் சமமா வழிக்க. நேர் உளியில வழிச்சா கைப்பிடி இடிக்கும், அடி சரிஞ்சிடும்."

"சரிஞ்சா என்னக்கா? இரும்பு மூடிடப் போவுது. யாரு பாக்கப் போறா?"

"சுடும்போது இரும்பு பின்னாடி உதைக்கும். உதை ரெண்டு பக்கமும் ஒண்ணா விழலன்னா கட்டையில விரிசல் விழுந்துடும். அதனாலதான் இரும்புல கரியக் குழைச்சுத் தடவி மரத்துல அழுத்தறோம். எங்க கரி ஒட்டுதோ அங்க மட்டும் சுரண்டணும். முழுக்கக் கறுக்கற வரைக்கும் அதே வேலைதான். ஒரு நாளைக்கு நூறு தடவ அழுத்துவார்."

கட்டில்காரர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு ஒடுக்கமான உளிகளின் பக்கம் கையைக் கொண்டுபோனார். கால் அங்குல உளியை உருவினார்.

"இது நல்லாருக்கே. எதுக்கு இது?"

"விசை உக்கார்ற குழிக்கு. மூலையெல்லாம் அதுலதான் எடுப்பார்."

அவர் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "மூலைய எடுக்கறதுக்கு இதுக்கே ஒரு மூலை இல்லையே. பல்லு போயிருக்கு பாருங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். வாயின் வலது ஓரம் அரை அரிசி அளவுக்கு உடைந்திருந்தது. உடைந்த இடம் உப்புக்கல் மாதிரி மினுங்கியது.

நான்தான், என்று முதலில் தோன்றியது. டப்பா மூடி. 'டிக்'. கன்னத்தில் அறை வாங்கின மாதிரி காது சூடாகியது. அடுத்த நொடியில்தான் இன்னொன்று தோன்றியது. அந்த உளி கடைசியாக வேலை செய்தது, போட்டிகளில் சுடுகிற பள்ளிக்கூட விளையாட்டு டீச்சருடைய கட்டையில், விசைக் குழியில். அவர் போவதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் டீச்சர் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார். உளி உடைந்தது டப்பாவிலா, குழியிலா? டப்பாவில் என்றால் போன ஒரு உளியோடு போயிற்று. குழியில் என்றால் அந்த எஃகுத் துணுக்கு இப்போது மரத்துக்குள் இருக்கிறது.

மேசைக்கடியில் டப்பாவைத் தேடினாள். எண்ணெயைத் துணியில் வடிகட்டினாள். டப்பாவின் வாயைச் சுற்றிக் காந்தத்தை ஓட்டினாள். மூடியில் நெம்பின தடம் இருந்ததே தவிர, ஒன்றும் கிடைக்கவில்லை. தரையில் விழுந்திருக்கலாம். தரையைத்தான் வந்த உறவுக்காரர்கள் அன்றைக்கே கழுவித் துடைத்து, பட்டறை பிறந்ததிலிருந்து காணாத சுத்தம் ஆக்கிவிட்டுப் போயிருந்தார்களே.

"என்ன அண்ணி தேடறீங்க?"

சொன்னாள். டப்பா திறந்ததையும் சேர்த்துத்தான் சொன்னாள். கட்டில்காரர் எதிரில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்க முடியாது.

இரும்பு உளியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "நீங்க திறந்தப்போ உடைஞ்சதாத்தான் இருக்கும். விடுங்க."

"இருக்கும்னு சொல்லிட்டு எப்படி விடறது தம்பி?"

"உளி உடைஞ்சா அண்ணனுக்குத் தெரியாதா? கல்லுல ஒரு தலைமுடி கிடந்தாக்கூட கண்டுபுடிக்கற கை அண்ணி அது. தெரிஞ்சே அனுப்பியிருப்பாரா?"

"தெரியாம அனுப்பியிருந்தா?"

அவன் முகம் சிவந்தது. "அண்ணன் செத்துப் பதினாறு நாள் ஆகுது. அவர் கடைசியா செஞ்ச கட்டைய நாமளே திருப்பிக் கேட்டா ஊர்ல என்ன பேசுவாங்க? கடைசியில மரத்துக்குக் கை தவறிடுச்சுன்னு பேசுவாங்க. அதக் கேக்கறதுக்கா நாம இருக்கோம்?"

அதே கேள்விதான் அவளுக்கும் இருந்தது. அவளும் அந்தக் கையை நம்பி இருபத்தெட்டு வருடம் எதிரில் உட்கார்ந்தவள்தான். ஆனால் அந்தக் கடைசி வாரம் அவர் இரண்டு முறை தம்ளரைக் கீழே போட்டார். அதை அவள் இவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"டீச்சர் துப்பாக்கியில விசை எவ்வளவு இறுக்கம் வெச்சிருக்கே தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் விரலால் காற்றில் எதையோ மெதுவாகத் தொடுவது போலச் செய்தான். டீச்சர் கேட்டுக்கொண்டார் என்று அந்த விசையை அவன் பூ மாதிரி வைத்திருந்தான். மூச்சு விட்டாலே விழுகிற அளவுக்கு. சுடச் சுட அதிர்ச்சியில் மரத்திலிருந்து ஒரு எஃகுத் துணுக்கு உதிர்ந்து, விசைக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்தால் என்ன ஆகும் என்று அவளைவிட அவனுக்குத்தான் தெரியும். விரல் படாமலே வெடிக்கும். யார் எதிரில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வெடிக்காது.

"ஞாயித்துக்கிழமை போட்டி. நாளைக்குக் காலையில ரயிலு" என்றான். குரல் மாறியிருந்தது.

அவள் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டாள். விளையாட்டு டீச்சர் மத்தியானமே பயிற்சிக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் இந்த நேரம் அதைத்தான் தோளில் வைத்துக்கொண்டிருப்பார். இரும்பு ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியையும் ஸ்குருடிரைவர் பெட்டியையும் எடுத்திருந்தான்.

"நீங்க போய்ட்டு வாங்க, நான் காவல் இருக்கேன்" என்றார் கட்டில்காரர். "எதையும் தொட மாட்டேன். டப்பா கிப்பா திறக்க மாட்டேன்."

வழியில் நான்கு சிக்னல். நான்கும் சிவப்பு. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் இன்னும் நூறு முறை போன் போட்டாள். அவர் இருந்திருந்தால் என்ன செய்வார் என்று நினைத்தாள். இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காதே என்று எரிச்சலாக வந்தது. அவர்மேல் எரிச்சல் வந்தது அந்தப் பதினாறு நாளில் அதுதான் முதல் முறை.

சுடுதளத்தின் மதிலுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. படீர். இடைவெளி. படீர். ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் குலுங்கியது. உள்ளே நீளமான தகரக் கொட்டகை. ஆறு பேர் பாயில் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாயில் டீச்சர். முன்னால் சிவப்புக் கயிறு. கயிற்றருகே விசில் கட்டிய காவல்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"சுடறப்போ யாரும் கயித்தத் தாண்டக் கூடாது."

"அந்தத் துப்பாக்கியில கோளாறு இருக்கலாம். நிறுத்தச் சொல்லுங்க."

"இருக்கலாமா, இருக்கா?"

"பாத்தாத்தான் தெரியும். விசிலை ஊதுங்க!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி இரும்பே கேட்டதில்லை. காவல்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊதினார். விசிலுக்கும் அமைதிக்கும் நடுவில் யாரோ ஒருவர் கடைசியாக ஒன்று சுட்டார். அது டீச்சர் இல்லை என்று தெரிகிறவரை அவள் மூச்சு விடவில்லை.

டீச்சர் காதடைப்பானைக் கழற்றிக்கொண்டு எழுந்து வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் கனிந்தது. துக்கத்துக்கு வந்து போனவர்தான். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் துப்பாக்கியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"இப்போ கழட்டணுமா? நாளன்னிக்குப் போட்டிங்க. ஒரு வாரமா உக்காந்து குறி சரி பண்ணியிருக்கேன். இரும்பக் கட்டையிலேர்ந்து பிரிச்சா குண்டு விழற இடமே மாறிடும். திரும்பச் சரி பண்ண எனக்கு நாளே இல்ல."

"தெரியும் டீச்சர்."

"முந்நூறு தடவ சுட்டுட்டேன். ஒண்ணும் ஆகலையே."

"முந்நூத்தி ஒண்ணாவது தடவைக்கு நான் பதில் சொல்ல முடியாது டீச்சர்."

"அவர் தப்பு பண்ணுவார்னு நீங்களே நெனைக்கறீங்களா?"

இரும்புதான் முன்னால் வந்தான். "குடுங்க டீச்சர். அண்ணன் இருந்தா நீங்க கேக்காமலே கழட்டியிருப்பார்."

மேசையில் துணி விரித்துக் கழற்றினார்கள். இரண்டு திருகாணிகள். இரும்புப் பகுதி சின்ன முனகலோடு மரத்தை விட்டு எழும்பியது. உள்ளே கரித் தடம் அப்படியே இருந்தது. உதை வாங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. அவள் கைவிளக்கை விசைக் குழிக்குள் அடித்தாள். சுத்தமான குழி. மூலை நான்கும் வெட்டினாற்போல நின்றன. காந்தத்தை நூலில் கட்டி இறக்கினாள். சுவர் சுவராக, மூலை மூலையாக நகர்த்தினாள். எங்கேயும் இழுக்கவில்லை. எதுவும் ஒட்டி வரவில்லை.

"இல்ல" என்றான் இரும்பு. "பாத்தீங்களா? உங்க டப்பாதான் அண்ணி."

அவள் விளக்கை அணைக்கவில்லை. வலது மூலையில், அடியிலிருந்து ஒரு விரல்கடை மேலே, மரத்தின் ரேகை ஓடி வந்து ஓரிடத்தில் லேசாகத் தயங்கிவிட்டுப் போயிற்று. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நாளெல்லாம் மரத்தில் கோடு பார்க்கிறவளுக்குத் தெரிந்தது. நகத்தை வைத்துத் தடவினாள். விளிம்பே தட்டவில்லை. ஒரு புளியங்கொட்டையில் பாதி அளவுக்குச் சாய்சதுரமாக ஓர் ஒட்டு. அதே மரத்தின் துண்டு, அதே சாய்வில். காந்தத்தை அதன்மேல் வைத்து அழுத்தினாள். சும்மா இருந்தது.

"என்ன, இருக்கா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். எடுத்துட்டார்."

உளி குழிக்குள்தான் உடைந்திருக்கிறது. உடைந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. துணுக்கைத் தோண்டி எடுத்து, தோண்டிய இடத்தை வெட்டிச் சாய்சதுரமாக்கி, ஒட்டுப் போட்டு மூடியிருக்கிறார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒரே உளியை அவள் அவரிடமும் அவர் அவளிடமும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று காலை அகல உளியிலிருந்து தொடங்கி, மெதுமெதுவாக வந்து, கால் அங்குல உளிக்கு முன்னால் உப்புத்தாள் வாங்க எழுந்தவர் அவரும்தான்.

கட்டையை ஒப்படைத்ததற்கு நான்கு நாள் முன்னால் ஒரு மத்தியானம், "நீ சாப்பிடு, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வராமலிருந்தார். வந்து உட்கார்ந்தபோது இடது கையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தம்ளரையும் சாப்பிடுகிற கையாலேயே எடுத்தார். "கைக்கு என்ன?" என்று கேட்டாள். "மரத்துப் போச்சு. உளி புடிச்சுப் புடிச்சு" என்றார். அவளும் சரி என்று குழம்பை ஊற்றினாள். உளி தானாகத் திரும்பி உடைகிற அளவுக்கு மரத்துப்போன கை என்று அவர் சொல்லியிருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். கத்தியாவது இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இன்றைக்குக் கத்தினாளே, அந்த மாதிரி.

"எனக்கும் சொல்லல அண்ணி" என்றான் இரும்பு. அவன் ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒட்டுப் போட்டா என்ன, கேவலமா? சொல்லியிருக்கலாம்ல?"

அவளுக்கு அவனைத் தேற்றத் தெரியவில்லை. விளக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, முந்தாநாளிலிருந்து ஈரமாகவே இருந்த கைக்குட்டையைத் தேடி எடுத்தாள். காவல்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

பிறகு இரும்பு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து துப்பாக்கியைப் பூட்டினான். இரும்பை மரத்தின்மேல் வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். உள்ளே போய் உட்கார்ந்தது. திருகாணிகளை முறுக்கினான்.

"கெட்டது கெட்டுப் போச்சு. எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்துடறேன்" என்று டீச்சர் புது இலக்குத் தாளை மாட்டச் சொல்லிவிட்டுப் பாயில் படுத்தார். குரலில் கோபம் இல்லை. போட்டி போனால் போகட்டும் என்ற தினுசில் இருந்தது. அவள் கயிற்றுக்குப் பின்னால் நின்றாள். இப்போதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் குலுங்கத்தான் செய்தது. ஐந்து முறை.

தாள் வந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். கழற்றுவதற்கு முன்னால் சுட்டு, பாயருகே கிடந்த பழைய தாளை எடுத்து அதன்மேல் வைத்து, விளிம்பைச் சரிசெய்து, இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒன்றின்மேல் ஒன்றாக நின்ற ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது.